ஆப்பிள் தட்டு

நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஆப்பிளே வாங்கிவந்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதுதான், சரி. ஆனால் தொண்டையில் கட்டி வந்து கஞ்சியையே விழுங்கத் திண்டாடுகிற மனுஷன் ஆப்பிளை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புத்திசாலிகள் சிலர் கூடவே ரஸ்க் பாக்கெட்டும் கொண்டுவந்தார்கள். அதுவும் யாருக்கு? ரஸ்க்கம்மா வீட்டுக்கு.

ரஸ்க்கம்மா என்றால்தான் அவளைத் தெருவில் தெரியும். வங்கிக்காரர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் எழுந்திருப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேக்கரியில் வேலை, வெட்டும் மேஜையில். சேர்ந்த புதிதில் சூட்டோடு ஒரு கேக்கை வெட்டிப் பொடிப்பொடியாக்கிவிட்டாள். மேஸ்திரி அந்தத் தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்து, எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தணிந்தால் ஒழியக் கத்தியை எடுக்க மாட்டாள். பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது.

ஒரே மகன். கைநீளம் கிடையாது, குடி கிடையாது, கோபம் மட்டும் மூக்குமேல். சந்தையில் ஒரு தகராறில் ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தவன் தலை கல்லில் மோதியது, எழுந்திருக்கவில்லை. மகன் சிறைக்குப் போனான். அப்பா, இப்போது படுக்கையில் கிடப்பவர், அன்றோடு அவன் பெயரை எடுப்பதை விட்டார். ரஸ்க்கம்மா மட்டும் மாதாமாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வந்தால் அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மகனுக்கும் அது தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர், அழுகுமுன் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் ஆப்பிள் பையை எடுத்தபோது கையைப் பிடித்தார். காற்றாக வந்தது குரல்.

"அது இருக்கட்டும். நான் போனாத்தான் அவன வெளிய விடுவாங்க. வருவான். சின்னதுல கேப்பானே, ஆப்பிள் தட்டு, அத செஞ்சு குடு. எனக்கு அவன்மேல கோவமில்லன்னு சொல்லு."

அதற்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல எதுவும் பேசவில்லை. அந்த வாரமே ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன் முகம் பார்க்க மகனைக் கூட்டிவருவதாகச் சிறையிலிருந்து தகவல் வந்தது. கேட்டதுமே ரஸ்க்கம்மா அடுக்களைக்குள் போனாள். ஆப்பிள்கள் தோல் சுருங்கிக் கிடந்தன. அடிபட்ட இடங்களைச் சீவி எறிந்துவிட்டு மெல்லிசாக நறுக்கினாள். ரஸ்க்கைப் பூரிக்கட்டையால் நொறுக்கிச் சர்க்கரையும் மிச்சமிருந்த வெண்ணெயும் போட்டுப் பிசைந்தாள். பாதி மாவு அடியில், நடுவில் ஆப்பிள், மீதி மேலே. பேக்கரியில் கழித்துக்கட்டிய குட்டி ஓவனுக்குள் தட்டை வைத்து, தாழ் உடைந்த கதவைக் கம்பியால் கட்டினாள்.

நாத்தனார் வாசம் பிடித்து வந்துவிட்டாள். "எங்கண்ணன் கூடத்துல கெடக்கறாரு. நீங்க இங்க கேக் சுடறீங்களா அண்ணி?"

"உங்கண்ணன்தான் சுடச் சொன்னாரு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டாள்.

தட்டை வெளியே எடுக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மகன் இளைத்திருந்தான். கையில் விலங்கு, இரண்டு பக்கமும் காவலர்கள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அழவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னப் பத்தி ஏதாவது பேசினாராம்மா?"

வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வெறும் வார்த்தையாகச் சொல்ல அவளுக்கு மனமில்லை. துண்டை அவன் கையில் வைத்து, இது அப்பா உனக்கென்று எடுத்துவைத்த ஆப்பிள் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நம்புவான்.

"சொல்றேம்ப்பா. மொதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்று அடுக்களைக்கு ஓடினாள். புறங்கையை வைத்தாள். கொதித்தது. இப்போது வெட்டினால் உதிர்ந்துபோகும். அவர் கடைசியாகக் கேட்டதைக் கூழாக்கியா கொடுப்பது? தட்டை ஜன்னலில் வைத்து முந்தானையால் விசிறினாள். மறுபடி தொட்டாள். மறுபடி விசிறினாள்.

கூடத்தில் காவலரின் போன் அடித்தது. "கெளம்பணும்" என்றார் மூத்த காவலர்.

தட்டைத் துணியோடு தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது மகனின் ஒரு கால் வேன் படியில் இருந்தது. "வெளிச் சாப்பாடு குடுக்கக் கூடாதும்மா" என்றார் காவலர், அதட்டாமல்தான். மகன் விலங்குக் கையைத் தட்டுக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரத்தில் பாவி மனுஷி வாயில் வந்தது என்ன தெரியுமா?

"ஊதிச் சாப்பிடுப்பா. ஊதி."

வேன் கதவைச் சாத்தினார்கள். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் சொல்லவந்ததைச் சொல்லவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. தட்டில் அவன் விரல்கள் தோண்டிய பள்ளத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பிள் பையை எடுத்தது, அவர் கையைப் பிடித்தது, கோபமில்லை என்றது, ஒன்று விடாமல். மகன் பொறுமையாகக் கேட்டான். உள்ளங்கையில் தோல் உரிந்து ஆறிய தடம் தெரிந்தது.

"விடும்மா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

"சத்தியமா சொன்னாருப்பா."

"சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பியே. அவர் பக்கத்துல உக்காந்து கேட்டேனே."

பின்னால் நின்றவர்கள் நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். ரஸ்க்கம்மா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் இருந்த பதில் ஒன்றுதான். அதைத்தான் சொன்னாள்.

"தட்டு சூடா இருந்துச்சுப்பா."