எண்ணெய்க் கிணற்றை அடைத்தவன் வீட்டுச் சுவர்

சின்னராசாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் அவன் மனைவி பூரணியே கொஞ்சம் யோசிப்பாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன், வளைகுடாவில் ஓர் எண்ணெய் வயலில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தான். கூலியாளாகப் போனவன், திரும்பும்போது எஞ்சினியர். அந்தப் பட்டத்தை அவனுக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டான்.

லயமே கேட்டுப் புளித்துப்போன கதை அது. எண்ணெய்க் கிணறு பழசானால் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகமாக மேலே வருமாம். ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்து உள்ளே இறக்கினால் அது ஜெல்லாகக் கட்டிப்போய், தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுமாம். அப்புறம் எண்ணெய் தாராளமாக வருமாம். "நான் கை வச்சா தண்ணி நிக்கும்" என்பான், தேத்தண்ணிக் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. வந்த நாளிலிருந்து எந்த வேலையிலும் கை வைத்ததில்லை.

பூரணியின் கவலையெல்லாம் வீட்டின் பின்சுவர். மழை பிடித்தால் பின்னாலுள்ள மண்மேட்டிலிருந்து ஊற்று கசிந்து, சுவர் ஊறிப்போகும். அந்தச் சுவரோரம்தான் மகள் நிலக்ஷி படுப்பாள். ஈரம் ஏறினால் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடும். போன வருடம் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மூச்சு சீரானது. இன்னொரு முறை அதைப் பார்க்கப் பூரணிக்குத் தெம்பில்லை.

அக்கம்பக்கத்தார் வீட்டுக்குப் பின்னால் கான் வெட்டி, கசிவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடிய வெட்டுகிற அதே கான்தான். தோட்டத்து ஆட்களுக்கு அது பழகிய வேலை.

"ஒரு கான் வெட்டி விடுங்களேன். மழ வரப்போகுது" என்றாள்.

"கான் வெட்டவா வெளிநாடு போயிட்டு வந்தேன்? தண்ணி வர்ற வழியையே அடைக்கிறேன், பாரு."

பெட்டிக்குள் பால்மாப் பைகளுக்கு நடுவே கொண்டுவந்திருந்த தூளை வாளியில் கரைத்தான். லயமே கூடி வேடிக்கை பார்த்தது. மேட்டு விரிசலில் புனல் வைத்து, சாமிக்குப் பாலூற்றும் பவ்வியத்தோடு ஊற்றினான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை, ஊற்றுநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். லயத்துக்கே குடிதண்ணீர் தருவது அந்தப் பீலிதான். மேட்டு ஊற்றுதான் கீழே அதில் வந்து விழுகிறது. குடத்துக்குள் கொழகொழவென்று சளி மாதிரி ஒன்று கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு குடத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பூரணி, ஒங்க வூட்டு எஞ்சினியர் இதக் குடிப்பாரான்னு கேளு."

சின்னராசா தலையைச் சொறிந்தான். "அங்க பூமிக்கடியில நல்ல சூடு. இந்தக் குளிருல கட்டல. இன்னொரு மருந்தும் கலக்கணும்."

"அது எங்க?" என்றாள் பூரணி.

"அது என்னான்னு எனக்குத் தெரியாது. அத வேற ஆளு ஊத்துவான்."

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"மூட்டயப் பிரிச்சுக் கொட்டுவேன்."

மூட்டை பிரிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அவளும் நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமக்கிறவள்தான். பாதியை மட்டும் பார்த்துவிட்டு முழுசும் தெரிந்தவன்போல் பேசி, பெற்ற பிள்ளையின் மூச்சோடு விளையாடியிருக்கிறானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே மழை பிடித்தது. சுவரில் ஈரம் பரவப் பரவ, நிலக்ஷியின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பூரணி பிள்ளையை அம்மாக்கண்ணு வீட்டு அடுப்போரம் உட்கார வைத்தாள். மம்பட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மழையில் நனைந்து அவள் மண்ணை வெட்டி இழுக்க, சின்னராசா குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "இன்னும் சாய்ச்சு வெட்டு. தண்ணிக்கு ஓட்டம் வேணுமில்ல" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மம்பட்டியைத் தன் கையில் வாங்கிக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பு அவளுக்கு எப்போதோ போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் கசிவெல்லாம் கானில் இறங்கி ஓடியது.

சில நாளில் சுவர் காய்ந்தது. நிலக்ஷி அதே இடத்தில் இளைப்பில்லாமல் தூங்கினாள். பீலியும் தெளிந்தது. சின்னராசாவின் குரலும் கூடவே தெளிந்துவிட்டது.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து அவன் அண்ணன் பழனியாண்டி வந்திருந்தபோது சுவரைத் தொட்டுக் காட்டினான். "பாருங்கண்ணே, பொட்டு ஈரமில்ல. கட்டுறதுக்குக் கொஞ்சம் நாளாச்சு, அவ்வளவுதான். ஜெல்லுன்னா ஜெல்லுதான்."

அடுப்படியில் பூரணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பழனியாண்டி பாடம் எழுதிக்கொண்டிருந்த நிலக்ஷியின் பக்கம் திரும்பினார்.

"அப்பாவா ஒனக்கு இந்தச் சுவரக் காயவச்சாரு?"

"இல்ல பெரியப்பா, அம்மா கான் வெட்டினாங்க" என்றாள் பிள்ளை, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா கொட புடிச்சாரு."

"அம்மாவுக்கா?"

"இல்ல, அவருக்கு."