சிரிக்காதவளுக்கு வைத்த பெயர்

அவளுக்குக் கல்லுமூஞ்சி என்ற பெயர் வந்தது, எங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். தாயைப் பார்க்க வந்த ஒரு மகன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். இவள் வாளியோடு போய், "அழுதது போதும் சார், கொஞ்சம் நகருங்க, துணி மாத்தணும்" என்றாள். ஈரத்துணியில் கிடந்தது அவன் தாய்தான். ஆனாலும் வருஷத்துக்கொரு தடவை எட்டிப் பார்க்கிறவனுக்கு வந்தது பாருங்கள் ரோஷம். மேலாளர்வரை போனான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் அவள் எதைச் செய்தாலும் குற்றம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை முதுகில் புண் வராமலிருக்க நேரத்துக்குப் புரட்டிவிட்டால், "போட்டு உருட்டறா." மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்றால், "பெரிய போலீஸ்காரி."

அவளோடு அதே வேலையில் இருந்த இன்னொருத்திக்கு வெல்லக்கட்டி என்று பெயர். வாயைத் திறந்தால் "அம்மாடி", "ராசாத்தி". பார்க்க ஆள் வரும் நேரத்தில் கிழவிகளின் கன்னத்தை வழித்துக் கொஞ்சுவாள். கன்னம் பளபளக்கும், போர்வையைத் தூக்கினால் முதுகெல்லாம் புண். போர்வையை எவன் தூக்கிப் பார்க்கிறான்?

ஒருநாள் காலை, காது மந்தமான டீச்சரம்மாவை வெல்லக்கட்டி பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். சக்கரத்துக்குப் பிரேக் போடவில்லை, என்றைக்குத்தான் போட்டாள்? நாற்காலி நழுவியது. டீச்சரம்மா தரையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மேலாளர் வருவதற்குள் வெல்லக்கட்டி டீச்சரம்மாவின் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"யாரு டீச்சர் தூக்கினது?"

"பின்னால இருந்து தூக்கினாங்க, மூஞ்சி தெரியல. இவ பூ மாதிரி தூக்குவா. அந்தக் கல்லுமூஞ்சிதான் போட்டிருப்பா."

வெல்லக்கட்டி மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"அவ அப்போ என்கூட குளியலறைல இருந்தா சார்" என்றேன். "ரெண்டு பேருமாத்தான் கோடி அறைப் பெரியவரக் குளிப்பாட்டினோம். அவரையே கேளுங்க."

"அவருக்குக் குளிச்சதே ஞாபகம் இருக்காது. உங்க வாயும் ஊருக்கே தெரியும்மா. யாரையாவது ஒரு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கீங்களா? இவளுக்கு மட்டும் பரிஞ்சு பேசறீங்க."

என் பெயரும் அப்படித்தான் இருந்தது. போயிற்று என் சாட்சி.

கல்லுமூஞ்சியின் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அது மேலாளருக்கும் தெரியும். அன்று மாலையே அவளை நிறுத்திவிட்டார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுத் தொலையேண்டி, வேலையாவது மிஞ்சும்" என்றேன்.

"வந்தாத்தானேக்கா. அடுத்த எடத்துல மொத நாளே சிரிச்சுடறேன், விடுங்க."

சொன்னபடி செய்தாள். இப்போது அவள் இருக்கும் இல்லத்தில் அவளுக்குத் தங்கம் என்று பெயராம். போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது, ஒரு சுற்றுப் பெருத்தும் இருந்தாள்.

"வேலை எப்படிடி?"

"உங்ககூட செஞ்சதுல பாதிகூட இல்லக்கா. யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"கெடக்கறவங்கள யாருடி புரட்டறா?"

சிரித்தாள். நன்றாகவே பழகியிருந்தாள்.