எல்லாருக்கும் இறங்கட்டும் என்றவன்

குமரேசனின் குரல்தான் முதலில் வந்தது. அவன் இறந்துபோன செய்தி அதற்குப் பிறகு வந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிச் சுவரின்மேல் போனை வைத்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரில்தான் எங்கள் வீட்டில் டவர் கிடைக்கும். எங்கள் ஆட்டக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. மூன்று நாளாகப் பேச்சு மூச்சில்லாமல் இருந்தவன் பேசியிருந்தான்.

“ஆயா, பூமி நான் சொன்ன பேச்சக் கேக்குதுங்க, இந்த டவருதான் கேக்க மாட்டேங்குது. எண்பத்தொண்ணுல நிக்குது. எனக்காக நிக்காதீங்க, நீங்க மூணு பேரும் முன்னால போங்க. நான் பின்னாலயே வந்தர்றேன்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உடனே பதில் அனுப்பினேன். “அந்தக் கதையெல்லாம் வேண்டாம். ஒழுங்கா வந்து சேரு. இல்லீன்னா காதத் திருகிப்போடுவேன்.”

சாயங்காலம் அதே எண்ணிலிருந்து இன்னொரு பதிவு வந்தது. பெண்குரல். “ஆயா, நான் செல்வி பேசறேங்க, அவரு ஊட்டுக்காரி. இந்தப் போனு இப்பத்தான் எங் கைக்கு வந்துச்சு. அவரு இல்லீங்க ஆயா. நேத்துக் காலைலயே போயிட்டாருங்க.”

சாந்தி, தாரணி, செல்வி, அவனோடு போர்க்கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போனவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் என் பேத்தி தாரணி திருத்தித் தருவாள். சேலத்தில் காலேஜில் படிக்கிறாள், எங்கள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையதுதான். எழுத்தைத் திருத்து, சொன்னதை மாற்றாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆட்டத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தவளும் அவள்தான். ஹாஸ்டலுக்குப் போன பிறகு என்னோடு பேசிக்கொண்டிருக்க அது ஒரு வழி என்றாள். ஒரு தீவு. நாலு பேர் சேர்ந்து அதில் குடியிருக்க வேண்டும். காடு திருத்தலாம், வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், பன்றி வந்தால் விரட்டலாம். விளையாடிக்கொண்டே நாலு பேரும் பேசிக்கொள்ளலாம். நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் சாந்தி மூன்றாவது ஆள். நாலாவது ஆள் குமரேசன். இவர்கள் இரண்டு பேரையும் ஆட்டமே கொண்டுவந்து சேர்த்தது, நேரில் பார்த்ததில்லை.

முதல் நாளே நான் கடலில் விழுந்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கரையேறத் தெரியவில்லை. தாரணியும் சாந்தியும் காட்டுக்குள் போய்விட்டார்கள். இவன் மட்டும் திரும்பி வந்து கரையில் நின்றான். “ஏனுங்க, உங்க ஊட்ல மழை பேயுதுங்களா? சடசடன்னு கேக்குது” என்றான். மழை இல்லை, பக்கத்து வீட்டுத் தறி என்றேன். “அப்ப நீங்க நம்மூருதான். எனக்கு இங்க கம்ப்ரசர் ஓடுது. ரெண்டு பேரும் கத்தித்தான் பேசோணும். வலது கையிப் பக்கம் ஒரு வட்டம் இருக்குது பாருங்க, அத அமுக்கிப் புடிங்க” என்றான். அன்று கரையேறியவள்தான். அவன் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்க்காரன், போர் போடும் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பத்து மாதம் வெளிமாநிலம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், இந்த ஆட்டங்களில் பன்றியை விடப் பெரிய தொந்தரவு அப்டேட்தான். மாதம் ஒருமுறை புதிதாக ஒன்றை இறக்கச் சொல்லும். ஒரு நாளுக்குத் தருகிற நெட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். முதல் தடவை என் போனில் நூற்றுக்கு முப்பத்தெட்டிலேயே இரண்டு நாள் நின்றது. போனை நகர்த்தினால் இறங்கினது சிந்திப்போய்விடும் என்று நினைத்து, தொட்டிச் சுவர் பக்கம் யாரையும் விடாமல் காவல் இருந்தேன். அதற்குள் தாரணியும் சாந்தியும் புதுத் தீவுக்குப் போய், அங்கே மயில் இருக்கிறது, படகு இருக்கிறது என்று குழுவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு எதற்கு இது என்று சொல்லிவிட்டேன்.

“ஆயா, எனக்கு நேத்தே எறங்கிருச்சுங்க” என்றான் குமரேசன். “நானும் இன்னும் உள்ள போகுல. வெளியதான் நிக்கிறேன்.”

“நீ ஏன் சாமி நிக்கிற?”

“ஒரு ஆள கரையில உட்டுப்போட்டு மயிலப் பாத்து என்ன பண்றது?”

அன்றே அவன் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டான். எல்லாருக்கும் இறங்கட்டும், அப்புறம்தான் ஆட்டம். இறங்கியவர்கள் குழுவில் “எறங்கிருச்சு” என்று சொல்ல வேண்டும். நாலு “எறங்கிருச்சு” வந்த பிறகு ஒன்றாக உள்ளே போக வேண்டும். தாரணிதான் சண்டை போட்டாள். “அண்ணா, எங்க ஹாஸ்டல்ல அஞ்சு நிமிஷத்துல எறங்கிரும். உங்களுக்காக நாங்க ஒரு வாரம் நிக்கணுமா?” என்றாள். “நில்லு அம்முணி, ஒரு நாளைக்கு உன்ற டவரும் படுத்துக்கும்” என்றான். சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ அப்டேட் வந்தது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

தீவில் கிணறு வெட்டுவது அவன் வேலை. வேறு யாரையும் விடமாட்டான். “இந்த ஆட்டத்த செஞ்சவனுக்கு பூமியப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க ஆயா. நாலு தட்டுத் தட்டுனா தண்ணி வந்துருது” என்று கேலி செய்வான். ஒருநாள் சாயங்காலம் வந்தவன் வரிசையாகக் கிணறு வெட்டிக்கொண்டே போனான். ஏழு கிணறு. இருந்த மரத்தையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டான் என்று சாந்திக்குக் கோபம். “என்னங்கண்ணா, மீன் குட்டையாக்கப் போறீங்களா?” என்றாள். அப்போதுதான் சொன்னான். அன்று ஆந்திராவில் ஒரு அம்மாவின் காட்டில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் கல்தூள் புகைதான் வந்ததாம். அந்த அம்மா திட்டவில்லையாம், அழவும் இல்லையாம். பறந்து வந்து விழுந்த கல்மாவைக் கையில் அள்ளி அள்ளி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததாம். “இங்கயாச்சும் தண்ணி வரட்டுங்க ஆயா” என்றான். சாந்தி அதற்குப் பிறகு மரக்கணக்குக் கேட்கவே இல்லை.

கடைசி அப்டேட்டுக்கு வருகிறேன். இது மிகப் பெரியது. எங்கள் மூன்று பேருக்கும் இறங்கிவிட்டது. அவன் மட்டும் ஏதோ மலைக்காட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். அறுபது என்றான், எழுபது என்றான், பிறகு சத்தமே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு பழைய ஆட்டம் மூடிவிடும் என்று போனில் எழுதி வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஏண்டா குமரேசா, பூமிக்குள்ள ஆயிரம் அடி போறவனுக்கு, ஆகாசத்துல இருந்து ஒரு ஆட்டத்த எறக்க முடியலையா? நீயெல்லாம் ஒரு ரிக்குக்காரனா?” என்று பேசி அனுப்பினேன்.

சாவு வீட்டுக்குப் போகும்போது அந்தப் பேச்சுத்தான் எனக்குள் கிடந்தது. நான் திட்டியதால் டவர் தேடி மலை ஏறினானா, அதில் நெஞ்சு வலித்ததா என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊரில் இறங்கி, ரிக் வண்டிக்காரர் குமரேசன் வீடு எது என்று கேட்டால், “இங்க எல்லாருமே ரிக்குத்தானுங்களே” என்றார் டீக்கடைக்காரர். அவன் வீட்டின் அடையாளம்கூட எங்களுக்குத் தெரியாது. முகத்தையும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள். காதோரம் நரைத்திருந்தது. குரலை வைத்து நான் சின்ன வயதாக நினைத்திருந்தேன்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். “அண்ணா” என்று ஒரு சொல் சொன்னாள். குரலை வைத்துச் சாந்தி என்று தெரிந்துகொண்டேன்.

அவனோடு வண்டியில் வேலை செய்த ஒருவரிடம் கேட்டுவிட்டேன். “அவன் நான் பேசினதக் கேட்டானா? அதுக்காக மலை கிலை ஏறினானா?” அவர் அந்த அழுகையிலும் சிரித்தார். “நீங்கதான் அந்த ஆயாவா? ஏறவே இல்லீங்க. வண்டி கேபின் மேலதான் போன வெச்சிருந்தாரு. உங்க பேச்சு எப்படியோ வந்துருச்சு. வண்டியாளுங்க அத்தன பேருக்கும் போட்டுக் காட்டினாரு. எங்க ஆயா வையறதக் கேளுங்கடான்னு நாலு வாட்டி போட்டாரு. அப்பவே உங்களுக்குப் பதிலும் பேசினாரு. அதுதான் போகாம நின்னுருச்சு. காலைல டீயக் கையில வாங்கினவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க.”

போகாமல் நின்ற அந்தப் பேச்சுத்தான், அவனை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி மறுநாள் மலை இறங்கிப் பெரிய ரோட்டுக்கு ஏறியதும், டவர் கிடைத்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குத்தான் நான் சிரித்திருக்கிறேன். வந்து சேர் என்று அதட்டியிருக்கிறேன். அவன் அப்போது வந்துகொண்டுதான் இருந்தான்.

எல்லாம் முடிந்த பிறகு செல்வி அவன் போனை எடுத்து வந்தாள். வீட்டில் டவர் நன்றாக இருந்தது. எண்பத்தொன்றில் நின்ற கோடு மெல்ல நகர ஆரம்பித்திருந்தது.

“இது எறங்கி முடிஞ்சா நீங்க எல்லாரும் போயிருவீங்களா ஆயா?” என்று கேட்டாள்.

அவளே விரலை வைத்து அதை நிறுத்தினாள். எண்பத்திரண்டு. “இப்படியே இருக்கட்டுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணனே போகச் சொல்லிவிட்டார் என்றாள் சாந்தி. முதலில் சட்டத்தோடு சண்டை போட்ட தாரணி, இப்போது சட்டம் சட்டம்தான் என்று அழுதாள். போகாவிட்டால் தீவே போய்விடும், அவன் வெட்டிய கிணறும் போய்விடும் என்று நான்தான் முடிவு செய்தேன். குழுவில் கேட்டேன். “எறங்கிருச்சா சாமி?” இரண்டு “எறங்கிருச்சு” வந்தது. என்னுடையது மூன்று. நாலாவதுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு உள்ளே போனோம்.

ஏழு கிணறும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் இருக்கிறது.

அவன் அனுப்பிய கடைசிப் பேச்சு என் போனில் இருக்கிறது. போனில் இடமில்லை, எதையாவது அழி என்று கேட்கும்போதெல்லாம் வேறு எதையோ அழித்து அதைக் காப்பாற்றி வருகிறேன். அதோடு ஆளை விட்டுவிட்டுப் போகாத அவனுடைய பழக்கத்தையும் நான் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்கும்போது, நாலாவது இடம் காலியாக இருக்கிறது, வேறு ஆளைச் சேர்க்கட்டுமா என்று போன் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்துகிறேன். ஆள் இருக்கிறான். அவனுக்கு இன்னும் இறங்கவில்லை.