அந்த வரியைச் சொன்னவன் யார்

ஆண்டவர் மேல் கோபப்படக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாருமே வேதத்தை முழுசாகப் படித்தவர்கள் இல்லை. இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பணிவாக இருந்த காலத்தில் என் தலையில் அவர்கள் ஏற்றிவைத்ததை இறக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டும். தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருக்கிறது. வாரம் தவறாமல் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பாஸ்டர் பைக்கில் மலையேறி வருவார். நான் பால்வாடி டீச்சர். பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, எடை பார்ப்பது, மத்தியானம் தூங்கவைப்பது என் வேலை. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். சாமை, புளி, பலாப்பழம் என்று எது விளைகிறதோ அதைக் கீழே கொண்டுபோவார். எங்கள் இருவரில் அவர் குடும்பம்தான் கிறிஸ்தவக் குடும்பம். என் அம்மா வீட்டில் இன்றும் குலசாமிக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் ஞானஸ்நானம் எடுத்தேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பேசினால் காது கொடுத்துக் கேட்கிற சாமி ஒன்று இருக்கிறது என்றார்கள், எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம். புது வருஷம் பிறந்த காலையில் ஒரு தாம்பாளத்தில் வேத வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, மேலே துண்டு போட்டு மூடிவிடுவார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு துண்டுக்குள் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் என்ன வரி இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த வாக்கு, வாக்குத்தத்தம் என்பார்கள். அட்டையை வாசற்கதவில் ஒட்டுவார்கள், வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். கஷ்டம் வந்தால் அந்த வரியைச் சொல்லியே ஜெபம் செய்வார்கள். வேதம் என்றால் எங்களுக்கு அந்த அட்டைகள்தான். புத்தகம் வீட்டில் இருக்கும். நல்ல வார்த்தை வருகிற இடங்களில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருப்போம், மற்றதைப் புளியங்கொட்டை மாதிரி ஒதுக்கிவிடுவோம்.

ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது நான் எடுத்த அட்டையில், ஆரம்பம் சின்னதாக இருந்தாலும் முடிவு மிகவும் பெரிதாக இருக்கும் என்கிற பொருளில் ஒரு வரி வந்தது. பாஸ்டர் அதை உரக்க வாசித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். மாசியில், நாள் நிறையாமலே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. வாரந்தோறும் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கித் தராசில் போடுகிறவள் நான், அவனைப் பார்த்ததுமே எடை போதாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள். "ஆரம்பம் சின்னதுன்னு ஆண்டவரு முன்னாலயே சொல்ட்டாரே சிஸ்டர், இனிமே பெருசாவுறதுதான் பாக்கி" என்றார் பாஸ்டர். அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு நின்றவர், மருந்துக்கு ஓடியவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. கெட்டவன் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருப்பேன்.

பிள்ளை பிழைக்கவில்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நுரையீரல் வளரவே இல்லை, யார் மேலும் தப்பில்லை என்று சொன்னார். ஜெபவீட்டு ஜனங்கள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

ஆண்டவரின் வாக்கு தவறாது என்பது அவர்கள் கணக்கு. வாக்கு தவறாது, ஆனால் பிள்ளை போய்விட்டது என்றால், தவறு வாக்கை வாங்கிக்கொண்டவளிடம்தான் இருக்க வேண்டும். என்ன தவறு என்று தேட ஆரம்பித்தார்கள். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் என் பக்கம் பார்த்துக்கொண்டே, இந்த வீட்டில் மறைந்திருக்கும் பாவத்தைக் காட்டும் ஆண்டவரே என்று கதறினார்கள். கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார்கள். தை மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், குலசாமிக்குப் படைத்த சாமைச்சோறும் கறியும் சாப்பிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசையாகச் சாப்பிட்டாள், அவ்வளவுதான் விஷயம். அது போதுமாம்.

"படையல் சோறு தின்னுட்டு வாக்குத்தத்தத்தைக் கேட்டா எப்படி நிக்கும் சிஸ்டர்?" என்றார் பாஸ்டர், மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல.

அதோடு முடிந்திருந்தால் நான் மட்டும் எரிந்துகொண்டிருந்திருப்பேன். என் கணவர் அதை நம்பினார். நம்பி, ஆறுதல் சொல்ல வந்த என் அம்மாவிடம் வாசலிலேயே வைத்துச் சொன்னார்: "நீங்க போட்ட சோறுதான் அத்தை. எம்புள்ளைய அதான் தூக்கிட்டுப் போச்சு." அம்மா கொண்டுவந்த பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அதன் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் அவள் வரவே இல்லை. நான் போனாலும் தண்ணீர்தான் கொடுப்பாள், சோறு போட மாட்டாள். "வேணாங்கண்ணு, எங்கையால வேணாம்" என்பாள். தன் பேரனைத் தானே கொன்றுவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆண்டவர் மேல் வந்த கோபம் அப்போது வந்ததுதான். என் பிள்ளையை எடுத்தது போதாதா, என் அம்மாவையும் கொலைகாரி ஆக்கினீரா? ஜெபவீட்டுக்குப் போனேன், வாய் திறக்கவில்லை. பாட்டு வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் மத்தியானம் பால்வாடியில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால், அந்த வரியை அவர் எங்கே சொன்னார் என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அவரைத் திட்ட வேண்டும் என்று காலையிலேயே தோன்றியிருந்தது. உண்மையாகவே அதற்காகத்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன், பக்திக்காக இல்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த அதிகாரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். எடுத்தேன். வரி அங்கே இருந்தது, அட்டையில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல். வழக்கம்போல மஞ்சள் கோடும் போட்டிருந்தேன்.

கோட்டுக்கு மேலே கொஞ்சம் படித்தேன். அந்தப் பேச்சைப் பேசுகிறவன், எதிரில் இருக்கிறவனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் செத்தார்கள் என்கிறான். இன்னொரு தடவை படித்தேன். யாருடைய பிள்ளைகள்? யார் பேசுவது? பக்கத்தை முன்னால் தள்ளி, அந்தப் பகுதியின் முதல் அதிகாரத்திலிருந்து ஆரம்பித்தேன். பழைய தமிழ், கல்லும் முள்ளுமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் எழுந்துகொண்டால் மூடிவைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்தில் தொடருவேன். வேதத்தில் ஒரு பகுதியை விடாமல் முதலிலிருந்து கடைசிவரை நான் படித்தது அதுதான் முதல் தடவை.

கதை இதுதான்: ஒரு நல்ல மனிதன். ஆடு மாடு, வேலைக்காரர், பத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. உடம்பெல்லாம் புண், சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நண்பர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். முதலில் அழுதுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவரைக்கும் நல்ல மனிதர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், ஒப்புக்கொள், எல்லாம் திரும்பி வரும் என்கிறார்கள். நான் எடுத்த அட்டை அந்த மூவரில் ஒருவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஆண்டவர் சொன்னதே இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம், அவர்கள் பாவிகள் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் அவன் சொன்ன ஆறுதல் அது.

அந்த மனிதனோ சும்மா இருக்கவில்லை. ஆண்டவரைப் பிடித்து உலுக்குகிறான். என்ன நியாயம் இது, வாரும் பேசுவோம், என்னை ஏன் பிறக்கவைத்தீர் என்று பக்கம் பக்கமாகக் கத்துகிறான். படிக்கப் படிக்க எனக்குப் பயமாக இருந்தது. இவனை இப்போது இடி வந்து அடிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். கடைசியில் ஆண்டவர் பேசுகிறார். அவனிடமும் கடுமையாகத்தான் கேட்கிறார், உலகத்தை நான் உண்டாக்கும்போது நீ எங்கே இருந்தாய் என்று. ஆனால் கதையின் முடிவில் அவர் கோபம் முழுவதும் அந்த நண்பர்கள் மேல்தான். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, இவன்தான் பேசினான், போய் இவனை உங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று விரட்டிவிடுகிறார்.

கத்தினவன் சரி. பக்தியாகப் பேசினவர்கள் தப்பு. அன்றைக்குப் பால்வாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளை போனதற்குப் பிறகு முதல் தடவையாக ஆண்டவரிடம் பேசினேன். நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கை தட்டிப் பாடின எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் எனக்கு இத்தனை பக்கத்தில் இருந்ததில்லை.

அந்த வாரமே புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பாஸ்டர் முன்னால் விரித்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வசனம் வசனம்தான் சிஸ்டர். யார் சொன்னா இன்னா?" என்றார்.

"யார் சொன்னாங்கன்றதுதான் பாஸ்டர் எல்லாமே. எம்புள்ள பாவத்தால செத்தான்னு ஆண்டவர் சொல்லல. இவன் சொன்னான். நீங்களும் சொன்னீங்க. ஆண்டவர் இவன இன்னா பண்ணாருன்னு கடைசி அதிகாரத்துல இருக்குது, படிச்சிப் பாருங்க" என்றேன். ஜெபவீட்டில் அப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. அவர் கோபமாக இருந்தாரா, கூச்சமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை.

கணவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் வாசலில் உட்காரவைத்து, தினமும் கொஞ்சம். நண்பர்கள் பேசுகிற இடம் வந்தபோது, "இதுல மூணு பேரு இருக்காங்க, நீ நாலாவது" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். நான் மறந்துபோயிருந்தேன், பின்னால் உண்மையிலேயே நாலாவதாக ஒருத்தன் வந்து, கேட்காமலே நீளமாகப் பேசுகிறான். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கடைசி அதிகாரம் முடிந்ததும் எழுந்துபோய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "ஏறு. உங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், "பசிக்குது அத்தை. சோறு போடுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தட்டு எடுத்துவைத்துப் போட்டாள், அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் வண்டியில் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு, அம்மாவுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். எந்தப் பிள்ளையும் எந்தச் சோற்றாலும் சாகவில்லை, அப்படிச் சொன்னவர்களைத்தான் எங்கள் ஆண்டவர் திட்டினார் என்று சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தாளுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?"

"இருந்தாம்மா. ஆண்டவரைத் திட்டிட்டுச் செத்துப்போன்னு புருஷங்கிட்ட சொன்னா. அவள மாதிரி இருக்கக் கூடாதுன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க."

"ஏண்டி, அந்தப் பத்தும் அவ வயித்துலருந்து வந்ததுதானே? அவ பக்கத்துல யாருனா குந்துனாங்களா?"

கதையின் கடைசியில் அவர்களுக்கு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்ததாக இருக்கிறது என்றேன்.

"புதுசா பத்து பெத்துட்டா, போனது பத்தும் வந்துட்டுதா? இன்னாடி கத இது?" என்றாள் அம்மா. அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து திரும்பவும் படித்தேன், இந்தத் தடவை அந்த மனிதனின் மனைவிக்காக. அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அவள் வாய் திறப்பதாக எழுதவில்லை. அவள் பெயரில்லை. அவள் அழுததாக ஒரு வரியில்லை. நண்பர்கள் அவளிடம் போகவில்லை, ஆண்டவரும் அவளிடம் எதுவும் சொன்னதாக இல்லை. அவளைப் போல் இருக்காதே என்று பிரசங்கம் கேட்டு நானும் எத்தனை தடவை ஆமென் போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் நான் ஜெபத்தில் கேட்டது அதைத்தான். என் அம்மா கேட்கிறாள் ஆண்டவரே, அந்தப் பெண்ணிடம் நீர் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். இன்னும் பதில் இல்லை, நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் அம்மா ஒரு நாளும் உம்மைக் கும்பிட்டவள் இல்லை, ஆனாலும் அவளுக்கும் சேர்த்துத்தான் நீர் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.