அடுப்படிக்கு அடியில் ஒரு வாய்க்கால்

மெஹராஜ் பேகம் வாசலில் வந்து நின்றால் நகராட்சி ஆபீஸில் நாற்காலிகள் தானாக எழுந்து நிற்கும் என்று ரஹ்மத் நகரில் சொல்வார்கள். கும்பகோணத்துக்கு வெளியே, வயலாக இருந்து மனையான நகர் அது. தெருவிளக்கு வந்தது அவளால். மினி பஸ் நின்று போவதும் அவளால்தான். அப்பேர்ப்பட்டவளால் தன் வீட்டு அடுப்படியின் மேற்கு மூலையை மட்டும் காயவைக்க முடியவில்லை.

உப்பு ஜாடியை அங்கே வைத்தால் மறுநாளே கசிந்து நிற்கும். இரண்டு தடவை டைல்ஸைப் பெயர்த்துப் போட்டாயிற்று. மழைக்காலம் வந்தால் கொத்தனார் பரிதிக்குப் போன் பறக்கும்.

"யோவ் பரிதி, சிமெண்டு போட்டுப் பூசுனியா, வெறும் தண்ணியக் கரைச்சு ஊத்துனியா?"

"அல்லா சத்தியமாக்கா, ஒங்க வீட்டுக்குன்னு பாத்துப் பாத்துப் பூசுனேன்."

"எங்க அல்லாவ ஏன்யா இழுக்குற? ஒங்க சாமி பேரச் சொல்லு, அப்ப நம்புறேன்."

அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. கணவர் கலந்தர் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் கூடத்தில் உட்காரமாட்டார். அடுப்படியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் தாளிப்பதையும் கிண்டுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். மேடை அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக அமைய வேண்டுமென்று தம்மாமிலிருந்தே போனில் பரிதியோடு மல்லுக்கு நின்று கட்டிய அறை அது. கொதிக்கிற மொட்டைமாடிகளில் அவர் வேலை பார்ப்பது அந்த முக்காலிக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வீடு கட்டும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி வரும். பக்கத்து வீட்டைவிட ஒரு படி உசத்தி! ஆளாளுக்குக் கிராவல் கொட்டி ஏற, முதலில் கட்டியவன் பள்ளத்துக்குப் போவான். ரஹ்மத் நகரில் அப்படிப் போனவள் எதிர்வீட்டு சாவித்திரி. ஐப்பசி அடைமழையில் அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சோறு பொங்குவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மெஹராஜ் வடிகால் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள்.

ஒருவழியாக வானதி என்ற பொறியாளர் பெண் வந்து, தெருவெங்கும் லெவல் பார்த்தாள். மெஹராஜ் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகால்வரை நடந்து போய்த் திரும்பினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவள், சொம்பை வாங்கிக்கொண்டே மேற்கு மூலையைப் பார்த்தாள்.

"இந்த மூலை காயவே காயாதாம்மா?"

"யாரு சொன்னா? அந்தப் பரிதியா?"

"யாரும் சொல்லலைம்மா. இந்த நகரே இந்த மூலையப் பாத்துத்தான் சாஞ்சிருக்கு. சாய்வு ஒரு சாண்கூட இருக்காது. நம்ம பூமி அப்படித் தட்டை. இங்க தண்ணி ஓடுறதே பெரிய அதிசயம். வயலா இருந்தப்ப ஏதாச்சும் வாய்க்கா இருந்துச்சா?"

இருந்தது. மனை வாங்கியபோது புல் மண்டிய ஒரு சின்ன வாய்க்கால் குறுக்கே வளைந்து கிடந்தது. வயலே இல்லை, வாய்க்கால் எதுக்கு என்று கலந்தரும் அவளும்தான் லாரி லாரியாகக் கிராவல் அடித்து மூடினார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். இவர்கள் வகுத்தது அடுப்படி.

வானதி ஒளிக்காமல் சொன்னாள். "பட்டா உங்க பேர்ல இருக்கு. உங்க சம்மதம் இல்லாம ஒரு செங்கலத் தொட மாட்டோம். வடிகால் நேரா போனா அடுப்படி போயிரும். வீட்டச் சுத்தி வளைச்சும் கொண்டு போகலாம். ஆனா ரெண்டு திருப்பத்துல தண்ணி தேங்கும். எதிர்வீட்டு முழங்கால் தண்ணி கணுக்காலுக்குக் குறையும், அவ்வளவுதான்."

"கணுக்கால் போதும்! நீ வளைச்சே கொண்டு போ தாயி."

சாவித்திரி இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தாள். "எனக்காக நீங்க இடிக்க வேணாங்க்கா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" அவள் திட்டியிருந்தால் மெஹராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வடிகால் வேலை தொடங்கும் முன்பே ஐப்பசி வந்து, மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நான்காம் நாள் காலையில் மழை விட்டதும் மெஹராஜ் மாடிக்குப் போனாள். நகர் முழுக்கச் செந்தண்ணீர், அசையாமல் கிடந்தது. மேலத்தெருக் கல்யாண மண்டபத்துக் குப்பையிலிருந்து சாமந்திப்பூக்கள் மிதந்து வந்திருந்தன. மற்ற இடத்தில் எல்லாம் பூக்கள் நின்றது நின்றபடி நிற்க, ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவை வரிசை பிடித்து நகர்ந்தன. சாவித்திரி வீட்டு கேட்டோரம் லேசாக வளைந்து, தெருவைக் குறுக்காகக் கடந்து, இவள் காம்பவுண்டுக்குள் புகுந்து நேரே அடுப்படியின் மேற்குச் சுவருக்கு வந்தன. அதே வாய்க்கால். அதே வளைவு. சுவரில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து முட்டின.

காற்று இல்லை. தள்ளிவிட ஆள் இல்லை. அத்தனை கிராவலும் கொட்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, அதன்மேல் வீட்டையும் தூக்கி வைத்த பிறகும் தண்ணீர் தன் வழியைக் கையகலம் பிசகாமல் கண்டுபிடித்து வந்து நிற்கிறதே! மெஹராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "யா அல்லாஹ்" என்றாள். ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கலந்தருக்குப் போன் போட்டாள்.

"இடிச்சிரலாம்ங்க."

"அந்த அடுப்படிக்காகத்தாண்டி இங்க வெயில்ல கெடக்குறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஒரு வாரம் கூப்பிடவில்லை. கடைசியில் 'உன் இஷ்டம்' என்று ஒரு மெசேஜ் வந்தது. அதைப் படித்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே போய்ச் சம்மதம் கொடுத்தாள்.

பங்குனி வெயிலில் இடித்தது பரிதிதான். வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். மேற்கு மூலையைத் தோண்டியதும், அந்தக் கோடையிலும், அடியில் தெளிந்த தண்ணீர் ஊறி நின்றது. பரிதி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"இப்பவாச்சும் சொல்லுங்கக்கா. பூச்சு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான்யா இருந்துச்சு. மன்னிச்சுக்க."

அடுப்படி இருந்த இடத்தில் வாய்க்கால் திறந்தது, அடுப்பு கூடத்தின் ஓர் ஓரத்துக்கு வந்தது. கலந்தர் பேசும்போது பிள்ளைகளைக் கேட்டார், உடம்பைக் கேட்டார். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. விடிந்தும் விடியாமல் கொட்டிய மழையில் சாவித்திரி நனைந்துகொண்டே ஓடிவந்தாள். "அக்கா, என் வீட்டுல தரை தெரியுதுக்கா! ஸ்டவ்வு தரையில இருக்கு, வந்து பாருங்க!" மெஹராஜ் பார்க்கப் போகவில்லை. போனை எடுத்துக் கலந்தருக்கு வீடியோ கால் போட்டு, குடையை விரித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஊர்த் தண்ணீர் அத்தனையும் வந்துகொண்டிருந்தது. மேடை இருந்த இடத்தில், ஜாடி இருந்த இடத்தில், புரண்டு சுழித்து, பெரிய வடிகாலைப் பார்த்து ஓடியது. இந்தத் தட்டைப் பூமியில் இதற்கு எங்கிருந்து இவ்வளவு வேகம் வந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

கலந்தர் திரையில் கண்ணை இடுக்கினார். பின்னால் மழையே காணாத வெள்ளை வானம்.

"இன்னும் கிட்டக் காட்டு."

காட்டினாள்.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் மெல்ல. "சத்தம் கேக்குது மெஹராஜ். வச்சிராத. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."

கை கடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரே கேட்டார்.

"முக்காலி எங்க?"

"கூடத்துலதாங்க இருக்கு."

"கரையில போட்டு வையி. தையில வர்றேன்."

மெஹராஜ் குடையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். முக்காலியைத் தூக்கிவந்து மழையிலேயே வாய்க்கால் கரையில் வைத்தாள். சரியாக இருக்கிறதா என்று அவரிடம் திருப்பிக் காட்டினாள்.