பல்லவிக்குத் திரும்பாத ஸ்கேல்

ஞானம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவாயல் பக்கத்துத் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பாள். பாடகர் குழுவில் அவளைத் தவிர ஏழு பேர். ஏழு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். சேர்ந்து பழக நாள் கிடைக்காது. அதனால் புதுப் பாட்டின் ஸ்வரங்களைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஆங்கில எழுத்துகளாகப் போனில் தட்டி, எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள். அதை ஓர் ஆப்பில் ஒட்டினால் மெட்டாக ஒலிக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு அவளே மெட்டமைத்த பாட்டு கொஞ்சம் சிக்கலானது. பல்லவி நாலு தட்டுத் தாளம்; ஸ்வர வரிசை சி ஸ்கேல். சரணம் மூன்று தட்டாகி ஜி ஸ்கேலுக்குப் போகும். பிறகு பழையபடி பல்லவி. தாளமும் ஸ்கேலும் எழுதுகிற மேல் தலைப்பில் மாற்றினால் பாட்டு முழுக்க மாறிவிடும். ஆகவே மாறுகிற இடத்திலேயே சதுர அடைப்புக்குறி போட்டு, அதற்குள் புதுத் தாளத்தையும் ஸ்கேலையும் எழுதி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஒத்திகையில், சரணம் முடிந்து பல்லவிக்கு வந்ததும் ஆசீர்வாதத்தின் வயலின் பிசிறியது. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஐம்பது வயது; எழுதியதைப் பார்த்துத்தான் வாசிப்பார். மூன்று முறை வாசித்தும் அதே இடத்தில் பிசிறு.

“இன்னாண்ணா, ஒரு வாரமா கைல வெச்சிக்கினு இருந்தீங்களே, ஒரு தபா பாத்திருக்கக் கூடாதா?” என்றாள் ஞானம்மா. குழுவில் பாடும் அவருடைய மகளும் அங்கேதான் இருந்தாள். அவர் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், தான் அனுப்பியதை ஆப்பில் ஒட்டிக் கேட்டாள். ஆப்பும் அங்கேயே பிசிறியது. பல்லவி திரும்பும் இடத்தில் நாலு தட்டு என்று எழுதியவள், சி ஸ்கேல் என்று எழுத மறந்திருந்தாள். மறுபடி மாற்றி எழுதும்வரை ஜி ஸ்கேல்தான் நீடிக்கும். ஒத்திகையில் எழுதியதைப் பார்க்காமல் வாசித்ததால் அவளுக்கு அது தெரியவில்லை.

இறங்கி, வேறு ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். மகள் எதிரிலேயே, தப்பு தன்னுடையதுதான் என்றாள்.

“வாசிக்கறப்பவே காது தப்புன்னு சொல்லிச்சிம்மா,” என்றார் ஆசீர்வாதம். “நீ எழுதினதாச்சே, தப்பா இருக்காதுன்னு வாசிச்சேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அங்கேயே நின்று திருத்தி ஏழு பேருக்கும் அனுப்பினாள். பண்டிகையில் பாட்டு நன்றாகவே அமைந்தது.

இப்போது புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் அவருக்குத்தான் போகிறது. போன மாதம் இரண்டு முறை, தப்பு இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். ஒரு முறை அவர் சொன்னது சரி.