அடுப்பு எரியாத நாளிலும் ஒரு சூடு

போன ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மீன் பொரியும் வாசனை... ஆனால் அதில் ஏதோ குறைந்தது. வலித் தைலம்!

போன மாதம் வரை மல்லிகாக்கா கடையில் இரண்டு வாசனையும் சேர்ந்தேதான் வரும். நாளெல்லாம் அடுப்பெதிரே நின்று மீன் வறுப்பவர். வலது முட்டி புசுபுசுவென்று வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்துவிட்டது.

"தேஞ்சது தேஞ்சதுதான். கடைய வேற யாருக்காச்சும் வுட்டுட்டு வூட்ல உக்காரும்மா" என்ற மகன், ஆளும் பார்த்துவிட்டான்.

தேய்மானம்... என்ன ஒரு சொல்! தேய்ந்த டயரை என்ன செய்வோம்? கழற்றிப் போடுவோம். மனுஷியை?

கடை கைமாறுமுன் இன்னொரு டாக்டரைக் கேட்போமே என்று தருமபுரிக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்து ஓரமாக வைத்தார். புறங்கையை இரண்டு முட்டியிலும் மாற்றி மாற்றி வைத்தார்.

"இது மட்டும் சுடுதேம்மா?"

"அடுப்புச் சூடுங்க. அதுகிட்டயேதான நிக்கறேன்."

"இன்னிக்கு அடுப்பு பத்த வெச்சீங்களா?"

அக்கா திருதிருவென்று முழித்தார். அன்று கடை லீவு!

மூட்டுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். அது சுரக்கும் வழவழப்பில்தான் முட்டி மடங்கி நிமிர்கிறது. தேய்மானத்தோடு அந்தச் சவ்வும் அழற்சி கண்டால் நீர் கோக்கும், சுடும், வலிக்கும். விட்டுவைத்தால் தேய்மானமும் கூடலாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், சவ்வு தெரியாது.

"தேஞ்சத என்னால திருப்ப முடியாதும்மா. இந்தச் சூட்டத் தணிக்கலாம்."

கொஞ்ச நாளைக்கு மாத்திரை, தொடைக்குப் பயிற்சி, நிற்பதைக் குறைக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சவ்வின் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஆயுள் முழுக்க ஓசையில்லாமல் நமக்கு எண்ணெய் போடுகிற ஜீவன். அதற்கே தீப்பிடித்தால் கத்தாதா? அதைப் புறங்கையால் கேட்ட டாக்டரம்மாவை என்ன சொல்ல!

போன ஞாயிறு நான் போனபோது அக்கா கல்லில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார் — உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி. வாங்கி வந்தது யார்? அதே மகன்!

"வலி போயிடுச்சாக்கா?"

"எங்க போவுது? படி ஏறுனா சொல்லுது. வீக்கம் வடிஞ்சிருக்குதுங்க. கட எங்கிட்டயேதான் இருக்குது."

சுற்றிலும் கூட்டம். எனக்கு உட்கார இடமில்லை. நின்றபடியே தின்று முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"போயிட்டு வாங்க தம்பி! இனிமே இப்பிடித்தான்... நான் உக்காந்து வறுப்பேன், நீங்க நின்னு தின்னுங்க!"